பால் ஆகாதவருக்குத் தைராய்டு மாத்திரை: நான் மாற்றிக்கொண்டவை

பாலுக்குப் பதில் சோயா பாலில் காபி போட்டு, அதோடு தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரையையும் விழுங்கினால், தைராய்டு குறையும்போது ரத்தத்தில் ஏறும் டிஎஸ்ஹெச் அளவு இறங்க மறுக்கும். சோயா, காபி இரண்டுமே மருந்து குடலில் சேர்வதைக் குறைப்பவை.

நான் மாற்றியது முதலில் நேரத்தை. விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, வெறும் தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, அதுவும் தேங்காய்ப்பாலில். கால்சியம், இரும்பு மாத்திரைகள் மதியச் சாப்பாட்டோடு. தைராக்சினுக்கும் இவற்றுக்கும் 4 மணி நேர இடைவெளி கட்டாயம்.

வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பாலில் கால்சியம் பெயருக்குத்தான். அதை ஈடுகட்டுவது கேழ்வரகு: 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம். கூழில் மோருக்குப் பதில் நீராகாரம், சின்ன வெங்காயம். தொட்டுக்கொள்ள தோலோடு வறுத்த எள்ளுப் பொடி, முள்ளோடு மெல்லும் நெத்திலி. பால் நின்றால் அயோடினும் குறையும். ஆகவே சமையலுக்கு இந்துப்பு வேண்டாம், அயோடின் உப்புதான். தைராய்டுக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கும் முட்டைக்கோஸை வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம், பயம் வேண்டாம்.

பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பலர் தடுமாறுவது லாக்டோஸ் (பால் சர்க்கரை) நீக்கிய பாலில். அதில் சர்க்கரைதான் உடைந்திருக்கும், ஒவ்வாமை தரும் புரதம் அப்படியே இருக்கும். பிஸ்கட் உறையில் கேசினேட், வே பவுடர் என்றிருந்தால் அதுவும் பால்தான். நெய்யிலும் புரதம் ஒட்டியிருக்கலாம்.

மாற்றிய 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் பாருங்கள். மருந்து சரியாகச் சேரத் தொடங்கினால் மருத்துவர் அளவைக் குறைக்க வேண்டிவரலாம்.