போர்ஷே 911 வாங்கப் போகிறீர்களா? பேட்ஜை மட்டும் பார்க்காதீர்கள்

"கரேரா எஸ், ஃபுல்லி லோடட், ஒரே கை" என்று விளம்பரம் வரும். படத்தில் பின்பக்கம் பளபளவென்று 'எஸ்' எழுத்து இருக்கும். அந்த எழுத்து தனியாகவே கடையில் கிடைக்கிறது, ஒட்ட இரண்டு நிமிடம் போதும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான். என்ஜின் சத்தத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். வண்டி உண்மையில் எந்த மாடல் என்பதை மட்டும் விற்பவர் வாயாலேயே கேட்டுக்கொள்வார்கள்.

2004-இல் வந்த 997 தலைமுறை போர்ஷே 911-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை மாடலான சாதா கரேராவில் 3.6 லிட்டர் என்ஜின், 325 குதிரைத்திறன். வேகம் கூடிய கரேரா எஸ் என்றால் 3.8 லிட்டர், 355. வெளியிலிருந்து பார்த்தால் எஸ்-க்கு 19 அங்குலச் சக்கரம், சிவப்பு பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்). சக்கரத்தை மாற்றலாம், காலிப்பருக்குப் பெயின்ட் அடிக்கலாம். ஆகவே இவை எதுவும் சாட்சி ஆகாது.

இந்தியாவில் பதிவான வண்டி என்றால் உங்கள் கையில் ஒரு நல்ல துருப்பு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை: ஆர்.சி.யில் உள்ள சி.சி. எண். ஆரம்பகால 997-இல் சாதா கரேராவுக்கு 3596, எஸ்-க்கு 3824. என்ஜின் புதிதாக மாறிய 2009 மாடலிலிருந்து அதுவே 3614, 3800. மாடல் பெயரை அரைகுறையாக எழுதியிருக்கும் ஆர்.சி.யில்கூட இந்த எண் எஸ்-ஐயும் சாதாவையும் பிரித்துக் காட்டிவிடும், தலைமுறையின் எந்தப் பாதி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

அந்தப் பாதி எது என்பது சின்ன விஷயமல்ல. பழைய என்ஜினில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்றொரு தலைவலி உண்டு. அது போனால் என்ஜினே போகலாம். 2009 மாடல் என்ஜினில் அந்த ஷாஃப்டே கிடையாது. ஆட்டோமேட்டிக்கும் ஐந்து கியர் டிப்ட்ரானிக்கிலிருந்து பி.டி.கே. என்னும் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டிக்கு மாறியது. இப்போது யோசியுங்கள்: 2008 தொடக்கத்தில் தயாராகி, ஷோரூமில் தூங்கி, 2009-இல் பதிவான வண்டியை "2009 மாடல் சார்" என்று விற்பது எவ்வளவு சுலபம்! பதிவு ஆண்டைப் பார்க்காதீர்கள். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 17 இலக்கச் சேசிஸ் நம்பரில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். போர்ஷேயில் அது மாடல் ஆண்டு: 8 என்றால் 2008, 9 என்றால் 2009, 2010-க்கு 'ஏ'. ஆனால் இந்தக் கணக்கை எல்லாக் கம்பெனிக்கும் போட்டுவிடக் கூடாது. ஐரோப்பியச் சந்தைக்கான வண்டிகளில் சில கம்பெனிகள் அந்த இடத்தில் ஆண்டைக் குறிப்பதே இல்லை.

சேசிஸ் நம்பரை ஏதாவது ஓர் இலவச இணையதளத்தில் போட்டு, வந்த பதிலை வேதவாக்காக எடுப்பதும் தவறுதான். அமெரிக்காவுக்குப் போகாத 911-இல் நம்பரின் நான்கு, ஐந்து, ஆறாம் இடங்களில் வெறும் 'இசட்' மூன்றுதான் இருக்கும். அமெரிக்க வண்டியில் மாடல் விவரம் இருக்கும் இடம் அது. இங்கே அது காலி. தளம் எதையாவது ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான்.

ஆப்ஷன்களுக்கு வருவோம். 997-இல் முன்பக்க மூடியைத் தூக்கினால் உள்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். சேசிஸ் நம்பர், என்ஜின் குறி, பெயின்ட் குறி, அவற்றோடு மூன்று இலக்க எண்களாக ஆப்ஷன்கள். 450 இருந்தால் செராமிக் பிரேக், 220 என்றால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது), 640 என்றால் ஸ்போர்ட் குரோனோ (கடிகாரமும் ஸ்போர்ட் பட்டனும் அடங்கிய பேக்கேஜ்). இதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள சேசிஸ் நம்பர், முன்பக்கக் கண்ணாடிக்கு அடியில் தெரியும் நம்பரோடும் உடலில் குத்திய நம்பரோடும் பொருந்த வேண்டும். மூடியை மாற்றியிருந்தால் ஸ்டிக்கர் இல்லாமலே போகலாம். அப்போது விபத்துக் கதையைக் கேளுங்கள். ஸ்டிக்கரையே புதிதாக அச்சடிக்கிறவர்களும் உண்டு என்பதால், அதிகாரப்பூர்வ டீலரிடம் சேசிஸ் நம்பரைக் கொடுத்து தொழிற்சாலைப் பதிவை எடுத்துத் தரச் சொல்வதே உறுதியான வழி.

ஸ்டிக்கரோடு நிறுத்தினாலும் ஆபத்து. அது வண்டி பிறந்தபோது இருந்த நிலைமை, இன்றைய நிலைமை அல்ல. செராமிக் டிஸ்க் தேய்ந்தால் மாற்ற லட்சக்கணக்கில் ஆகும் என்பதால் பலர் இரும்பு டிஸ்க் போட்டுக்கொண்டு, செராமிக் பிரேக்கின் அடையாளமான மஞ்சள் காலிப்பரை அப்படியே விட்டுவிடுவார்கள். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். டிஸ்க்கின் உராயும் பரப்பில் வைத்தால் ஒட்டுகிறதா? அது இரும்பு. செராமிக்கில் ஒட்டாது. (ஓட்டிவிட்டு வந்த உடனே தொடாதீர்கள், கை வெந்துவிடும்.) டாஷ்போர்டு மேலே இருக்கும் ஸ்போர்ட் குரோனோ கடிகாரமும் அப்படித்தான், இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் அது ஓடுகிறதா, ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் ஆக்ஸிலரேட்டர் சட்டென்று சுறுசுறுப்பாகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

என்ஜின் நம்பர் ஆவணத்தோடு பொருந்தவில்லை என்றவுடன் மோசடி என்று முடிவு கட்டுவதும் அவசரம். 2014-இல் 911 ஜி.டி.3 வண்டிகள் 785-ஐ போர்ஷேயே திரும்ப அழைத்து, என்ஜினையே மாற்றிக் கொடுத்தது. அத்தகைய வண்டிக்குப் புது என்ஜின் ஒரு குறை அல்ல. ஆனால் மாற்றிய தேதியும் டீலர் சீட்டும் ஆர்.சி.யில் திருத்தமும் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத கதையை நான் நம்புவதில்லை.

பி.எம்.டபிள்யூ.வில் இந்த விளையாட்டு இன்னும் எளிது, ஏனென்றால் 'எம்' பேட்ஜை கம்பெனியே எம் ஸ்போர்ட் பேக்கேஜோடு சாதா வண்டியிலும் தருகிறது. 3 சீரிஸின் அதிவேக வடிவமான முழுமையான எம்3-க்குச் சேசிஸ் நம்பர் 'டபிள்யூ.பி.எஸ்' என்று தொடங்கும். சாதா 3 சீரிஸ் 'டபிள்யூ.பி.ஏ' என்று தொடங்கும். மூன்றாவது எழுத்தைப் பார்க்க ஒரு நொடி போதும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரின் படத்தைக் கேளுங்கள். "நேரில் வாங்க சார், எல்லாம் காட்டுறேன்" என்று இழுத்தடித்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள். படம் வந்து எல்லாம் பொருந்தினால், சேசிஸ் நம்பரையும் முக்கியமான ஆப்ஷன் எண்களையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி விற்பவரின் கையெழுத்தை வாங்குங்கள்.