பிடியும் அலகும் சேரும் இடம்

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சாக்கில் சுருட்டிக்கொண்டு, "அண்ணே, அரண்மனை வாள்" என்று யாராவது வந்தபடி இருப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பிடியும் அலகும் சேரும் இடத்தை.

ஒட்டு வாள், அதாவது ஒன்றின் பிடியில் வேறொன்றின் அலகைப் பூட்டியது, என்றதும் போலி என்று தள்ளிவிடாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. தஞ்சாவூர்க் கட்டாரிகளில் பலவற்றுக்கு ஐரோப்பிய வாளை வெட்டித்தான் அலகு வைத்தார்கள். சீமை அலகு பூட்டிய வாளுக்கு 'ஃபிரங்கி' என்றே பெயர். ஆக, எப்போது ஒட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

அலகில் ஓநாய் முத்திரையோ அரிவாள் போன்ற இரட்டை வளைகோடோ இருந்தால் உடனே மயங்க வேண்டாம். பேர்போன ஐரோப்பிய முத்திரைகள் என்பதால் அந்தக் காலத்திலேயே கண்டவரும் வெட்டிக்கொண்டார்கள். அலகின் நீளவாக்கில் ஓடும் பள்ளமான காடியைப் பாருங்கள்: பெரும்பாலும் நுனிக்கு முன்பே மங்கி முடியும். நுனிவரை ஓடிச் சட்டென்று அறுபட்டால், நீள அலகைக் குட்டையாக்கியிருக்கிறார்கள்.

இனி பிடியும் அலகும் சேரும் கூட்டு. துரு அதைத் தாண்டி இரு பக்கமும் ஒரே கரும்பழுப்பாக இருக்க வேண்டும். விரலில் ஆரஞ்சாக ஒட்டினால் ஆசிட் வேலையோ என்று சந்தேகப்படுங்கள். தல்வார் என்ற வளைந்த வாளின் பிடிக்குள் அரக்கு ஊற்றித்தான் அலகைப் பிடிக்கவைப்பார்கள். டார்ச் அடித்தால் கறுத்து, கண்ணாடிச் சில்லு மாதிரி தெரியும். வெள்ளையாய் வழவழவென்று இருந்தால் ஹார்டுவேர் கடைப் பசை. துரு போகட்டும் என்று ஆரம்பத்தில் ஒரு வாளை வெந்நீரில் முக்கினேன். அரக்கு இளகி, பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே, பிடிக்குள் போகிற அலகின் வால் ரெண்டே அங்குலம், அதில் வெல்டிங் பொட்டுகள். நான் கொடுத்த காசு போச்சு, வேறென்ன.

நாட்டு ஆசாரி அடித்தது தனி வகை. துணி சுற்றிய பிடிக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிக் கோடுகள் தெரிந்தால், அது பழைய அரத்தைத் தட்டிச் செய்தது. போன மாசம் ஒரு குடும்பம் கொண்டுவந்த வாளில், பிடிக்குக் கொஞ்சம் மேலே குங்குமம் அப்பியிருந்தது. தீக்குச்சியால் மெல்லக் கிளறினேன். விரல் நுழையாத வட்ட ஓட்டை: லாரி ஸ்பிரிங் பட்டையில் நடு போல்ட் போகிற ஓட்டை. "எங்க கருப்பருக்குத் தாத்தா வச்சதுங்க" என்றார் பெரியவர். விலை பேசவில்லை. குங்குமத்தைப் பழையபடி அப்பி, சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.