சில்லறை தீராத கல்லா: ரொக்கமும் ஜீபேயும் ஒரே கடையில் ஓட என்ன செய்ய வேண்டும்

நாளைக்கு நோட்டும் நாணயமும் இல்லாமலே போய்விடுமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் தேடுவதைவிடக் கல்லாப்பெட்டியில் தேடுவது நல்லது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போனால் பத்தும் இருபதும் கல்லாவுக்கு வந்து சேராது. அப்புறம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டும் பாட்டிக்கு மீதி கொடுக்க வழியிருக்காது. "ஜீபே இல்லையாம்மா?" என்று கேட்டால், வாங்கிய பொருளை வைத்துவிட்டுப் போய்விடுவார். ரொக்கம் கடை கடையாகக் காணாமல் போவது இப்படித்தான். அதனால் முதல் வேலை சில்லறை.

நாளொன்றுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் வியாபாரமாகும் மளிகைக் கடைக்கோ காய்கறிக் கடைக்கோ காலையில் 1,500 ரூபாய்ச் சில்லறை இருந்தால் போதும். பத்து ரூபாய் 40, இருபது 20, ஐம்பது 6, நூறு 2. இதிலேயே 1,300 ஆகிவிடும். மிச்சம் 200-ஐ நாணயமாக வையுங்கள்: ஐந்து ரூபாய் 20, இரண்டு ரூபாய் 30, ஒரு ரூபாய் 40. டீக்கடை என்றால் பத்து ரூபாயை இரண்டு மடங்காக்கி ஐம்பதைக் குறைத்துக்கொள்ளலாம். முதலில் தீருவது எப்போதும் பத்து ரூபாய்தான். அது பதினைந்துக்குக் கீழே வந்ததுமே மாற்றக் கிளம்புங்கள், தீரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வங்கிக் கிளையில் நாணயமும் சிறிய நோட்டும் கேட்டு வாங்கலாம். மாத முதல் வாரம் கூட்டமாக இருக்கும், நடு மாதத்தில் போனால் வேலை சீக்கிரம் முடியும். நாணயத்தைத் திருப்பிக் கட்டும்போது ஒரே மதிப்பில் நூறு நூறாகப் பையில் போட்டுக் கொடுத்தால் காசாளர் முகம் சுளிக்க மாட்டார். மீதிக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரொக்கம் கொண்டுவருகிறவரை விரட்ட அதைவிடச் சுலபமான வழி இல்லை.

பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டில் இன்னும் பல கடைகளில் வாங்க மறுக்கிறார்கள். ரூபாய்க் குறியீடு இருப்பதும் இல்லாததும் செல்லும், பல வடிவங்களில் வந்தவை எல்லாமே செல்லும். சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 14440 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் வாங்கினால்தான் அடுத்தவருக்குக் கொடுக்க உங்களிடம் இருக்கும். கிழிந்த நோட்டையும் பயந்து தள்ள வேண்டாம். இருபது ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் வங்கியில் முழு மதிப்பு கிடைக்கும். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் முழு மதிப்புக்கு எண்பது சதவீதத்துக்கு மேல் ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

இனி ஸ்கேனர் பக்கம். காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூஆர் அட்டையை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து, யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். இரவில் அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகும் மோசடி நடக்கிறது. ஒட்டினால் விரல் நகத்துக்கே தட்டுப்படும். அட்டையைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வாடிக்கையாளர் போனில் தெரியும் பச்சை டிக்கை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். அதே மாதிரி திரை காட்டும் போலி ஆப்கள் உண்டு. பணம் வந்ததாக ஸ்பீக்கர் பாக்ஸ் சொல்ல வேண்டும், இல்லை உங்கள் ஆப்பில் வர வேண்டும். பாக்ஸ் பேசவில்லை என்றால் பெரும்பாலும் சார்ஜ் இறங்கியிருக்கும், அல்லது அதன் சிம்முக்கு டவர் கிடைத்திருக்காது.

பணம் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து போய் உங்களுக்கு வரவில்லை என்றால், உடனே இன்னொரு முறை அனுப்பச் சொல்ல வேண்டாம். இரண்டும் வந்து சேர்ந்தால் பிறகு சண்டைதான். அவர் ஆப்பில் இருக்கும் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் கணக்கு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குச் செலுத்திய பணம் சிக்கிக்கொண்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் தீர்வாக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவருக்கு வங்கி தர வேண்டும். இது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. பலருக்குத் தெரியாததால் யாரும் கேட்பதில்லை.

இணையம் படுத்துவிட்டால்? 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. வாடிக்கையாளரின் வங்கிச் சர்வர் மட்டும் நின்றிருந்தால் யுபிஐ லைட்டில் முயற்சி செய்யச் சொல்லுங்கள். அதில் முன்பே ஏற்றிவைத்த தொகையிலிருந்து பின் நம்பர் போடாமலே பணம் போகும், ஆனால் இணையம் வேண்டும். டேட்டா இல்லை, பேசுவதற்கு மட்டும் சிக்னல் இருக்கிறது என்றால் போனில் *99# டயல் செய்து அனுப்பும் வழி உண்டு, 5,000 ரூபாய் வரை. அதில் ஸ்கேன் செய்ய முடியாது. ஆகவே கடையின் யுபிஐ ஐடியையும் வங்கிக் கணக்கோடு இணைத்த போன் எண்ணையும் க்யூஆருக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி வைப்பது அவசியம்.

டவரும் கரண்டும் சேர்ந்து போனால் இவை எதுவும் உதவாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை அடித்தபோது பணமதிப்பிழப்பு அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கார்டு மெஷின் ஓடவில்லை, கையில் ரொக்கமும் இல்லை. மழைக்காலம் தொடங்குமுன் கல்லாச் சில்லறையைத் தொடாமல் இரண்டு நாள் கொள்முதலுக்கான ரொக்கத்தைத் தனியாக ஒதுக்குங்கள். மொத்த வியாபாரியும் அன்றைக்குக் கையில் காசுதான் கேட்பார். அதில் பாதி நூறு ரூபாய்க்குக் கீழான நோட்டாக இருக்கட்டும், பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தரையைவிட்டு உயரத்தில் வையுங்கள்.

கடை வரவுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒரே வங்கிக் கணக்கு வேண்டாம். எவரோ மோசடி செய்த பணம் உங்கள் ஸ்கேனர் வழியாக வந்துவிட்டால் சைபர் போலீஸ் கணக்கை முடக்கக்கூடும். அரிசி விற்றவருக்கும் இந்த நிலை வரலாம். அப்போது பில் புத்தகமும், அந்த யுபிஐ பரிவர்த்தனை எண்ணுக்கு எதிரே நோட்டில் எழுதிய பொருளின் விவரமும்தான் கைகொடுக்கும். நீங்களே ஏமாந்திருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இரவில் ஆப் வரவு, கல்லா ரொக்கம் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். கல்லாவிலிருந்து முதலில் அந்த 1,500-ஐ அதே நோட்டுக் கணக்கில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.