சக்கர நாற்காலியில் சிலம்பம்: குத்தும்போது முன்னால் கவிழப் பார்த்தது நின்ற விதம்

வீச்சிலும் தடுப்பிலும் சிக்கலே இல்லை. கம்பை நீட்டிக் குத்தினால் மட்டும் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, கால்தட்டு தரையில் இடித்தது.

முதலில் பிரேக்கைப் பார்த்தேன். டயரில் காற்று குறைந்தால் பிரேக் சரியாக அழுத்தாது. காற்றடித்ததும் நாற்காலி நழுவுவது நின்றது, சாய்வது நிற்கவில்லை. நெற்றி உயரக் கம்பை விட்டு நாலரை அடிக் கம்புக்கு மாறினேன். எட்டும் தூரம் போனதுதான் மிச்சம். முதுகுச் சட்டத்தில் மணல் பை தொங்கவிட்டால் நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். அதை யாரும் செய்ய வேண்டாம்.

காரணம் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள். முன்னோக்கி உருண்டு வந்து நின்றால் அவை பின்பக்கம் திரும்பி நிற்கும். தரையைத் தொடும் புள்ளி உள்ளே போய், முன்பக்கத் தாங்கல் சில அங்குலம் சுருங்கிவிடும்.

நிலைக்கு வந்ததும் நேராக ஓரடி பின்னால் உருட்டுங்கள். சின்னச் சக்கரங்கள் அரைவட்டம் சுழன்று முன்னோக்கி நிற்கும். மண் தரையில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் சிக்கிக்கொள்ளும், குனிந்து பார்த்துவிடுவது நல்லது. பிறகு இரண்டு பிரேக்கையும் போட்டு, இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டுக் குத்தலாம். முதல் சில குத்துகளுக்கு ஒருவர் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்திருக்கட்டும்.

திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி பின்னால் உருட்ட வேண்டும். இப்போது பழைய நீளக் கம்பிலேயே நிம்மதியாகக் குத்த முடிகிறது.