ஐரிஷ் ஜிக்கைக் கிட்டாரில் வாசிக்க

ஜிக், ரீல் என்ற ஐரிஷ் நடன மெட்டுகள் ஃபிடிலிலும் (வயலின்) புல்லாங்குழலிலும் வளர்ந்தவை. ஒரு ஸ்வரம் அடுத்ததைத் தொட்டுக்கொண்டே போகும். கிட்டாரில் அந்த ஒட்டுதல் எனக்குக் கிடைத்தது டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்கில்தான் (தடித்த 6-ஆம் கம்பியிலிருந்து மெல்லிய 1-ஆம் கம்பி வரை திறந்த கம்பிகளின் ஸ்வரங்கள் இவை). 1960களில் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் வழியாகப் பரவியது இது.

வழக்கமான ட்யூனிங்கிலிருந்து 6, 2, 1 ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் இரண்டு ஃப்ரெட் அளவுக்கு இறக்குங்கள். கொஞ்சம் கூடுதலாகவே இறக்கிவிட்டு மெதுவாக ஏற்றிச் சேர்த்தால் சுருதி நிற்கும். 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி) வைத்துச் சரிபார்க்கலாம்: 6-ஆம் கம்பியில் வருவது திறந்த 4-ஆம் கம்பியோடும், 5-இல் வருவது 2-ஆம் கம்பியோடும், 4-இல் வருவது 1-ஆம் கம்பியோடும் ஒன்றிப்போக வேண்டும்.

அடுத்தது டி மேஜர் ஸ்கேல். ஒரே கம்பியில் ஏறிப் போகாதீர்கள். 4-ஆம் கம்பியைத் திறந்து டி, அதிலேயே 2-ஆம் ஃப்ரெட், 4-ஆம் ஃப்ரெட். பிறகு திறந்த 3-ஆம் கம்பி, திறந்த 2-ஆம் கம்பி. இப்போது கீழே திரும்பி 3-ஆம் கம்பியின் 4-ஆம் ஃப்ரெட், அப்புறம் 2-ஆம் கம்பியின் 4-ஆம் ஃப்ரெட், கடைசியாகத் திறந்த 1-ஆம் கம்பி. விரலை அவசரமாக எடுக்காமல் இருந்தால் ஸ்வரங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்து, யாழ் போலக் கேட்கும். இந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் வாசித்தாலும் நேரம் வீணில்லை.

ஜிக் 6/8 தாளம்: ஒரு பாருக்கு (தாளச் சுற்று) இரண்டு தட்டு, தட்டுக்கு மூன்று ஸ்வரம். எட்டு பார் கொண்ட பகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு முறை, மொத்தம் 32 பார். முதலில் வாயால் பாடிப் பழகுங்கள்.

கட்டைவிரல் விஷயத்தில் நான் மாதக்கணக்கில் தவறு செய்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் பேஸ் (தடித்த கம்பியின் கீழ் ஸ்வரம்) அடித்தேன். மெட்டு நொண்டியது, யாராலும் அதற்கு ஆட முடியாது. இப்போது ஒரு பாருக்கு ஒரே பேஸ், முதல் தட்டில் மட்டும், அதுவும் திறந்த 6 அல்லது 5. நான்காவது ஸ்வரத்தை மேல்கம்பியிலேயே சற்று அழுத்தி மீட்டினால் ஆட்டத்தின் துள்ளல் தானாக வருகிறது.

அலங்காரம் கடைசியில்தான். திறந்த 3-ஆம் கம்பியை மீட்டியவுடன் 2-ஆம் ஃப்ரெட்டில் ஹாமர்-ஆன் (இடது விரலால் தட்டி அழுத்துவது), உடனே புல்-ஆஃப் (அதே விரலால் கம்பியைச் சுண்டி எடுப்பது). மூன்று ஒலிக்கும் ஒரே மீட்டல். ரீலில் ஒரே ஸ்வரம் மூன்று முறை சட்டெனத் தெறிக்கும் இடத்தில் மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்ற வரிசை எனக்குச் சுலபம். ஒரு பகுதிக்கு இரண்டு இடம் போதும். அதையும் திரும்ப வாசிக்கும்போது இடம் மாற்றிப் போடுங்கள்.