ரீஜென்சி காதல் நாவல்: உங்கள் ரசனைக்கு ஏற்றதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

நெட்ஃபிளிக்ஸின் ‘பிரிட்ஜர்ட்டன்’ தொடரைப் பார்த்து முடித்த கையோடு இதே போன்ற நாவல் வேண்டும் என்று தேடினால், இணையக் கடை நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கொண்டுவந்து கொட்டும். எல்லா அட்டையிலும் ஒரு ட்யூக் (உயர்குடிப் பிரபு), பட்டுக் கவுனில் ஒரு பெண். உள்ளே இருப்பவையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத புத்தகங்கள். ஒன்றில் கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு முத்தம். இன்னொன்றில் கால்வாசிக்குள் படுக்கையறை. ‘ரீஜென்சி’ என்ற முத்திரை கதை எப்போது நடக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அது எப்படிப்பட்ட கதை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: ஆண்டைப் பாருங்கள்

பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியதால், 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன் ரீஜென்ட்டாக, அதாவது மன்னருக்குப் பதிலாக ஆள்பவராக, பொறுப்பேற்றார். 1820 ஜனவரியில் மன்னர் இறந்ததும் மகனே நான்காம் ஜார்ஜ் ஆனார். கறாராகப் பார்த்தால் ரீஜென்சி என்பது இந்த ஒன்பது ஆண்டுகள்தான். பதிப்பாளர்கள் 1790களிலிருந்து 1837 வரை இழுத்துக்கொள்வார்கள்.

அறிமுகக் குறிப்பிலோ முதல் அத்தியாயத்தின் தலைப்பிலோ பெரும்பாலும் ஆண்டு இருக்கும். 1815 ஜூன் 18 நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் நடந்த நாள். அதற்கு முந்தைய கதைகளில் உளவாளிகளும் விடுப்பில் வந்த ராணுவ அதிகாரிகளும் அதிகம். பிந்தைய கதைகளில் காயத்தோடு ஊர் திரும்பியவர்கள் அதிகம். ரயில் வண்டி வந்துவிட்டால் நீங்கள் அடுத்த காலத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். லிசா கிளேபாஸின் ‘வால்ஃபிளவர்ஸ்’ வரிசையை ரீஜென்சி என்று பலர் பரிந்துரைப்பார்கள். அது 1840களில் நடக்கிறது. அருமையான வரிசைதான், ஆனால் தொழிலதிபர்களின் பணம் பேசும் வேறொரு உலகம்.

படி 2: கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

புதிதாக வருபவர்கள் பாதியில் புத்தகத்தை மூடிவைக்க முக்கியக் காரணம் இதுதான். ஆகவே எழுத்தாளரையோ கதையையோ யோசிப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். படுக்கையறைக் காட்சி விரிவாக வந்தால் ‘ஓப்பன் டோர்’. முத்தத்தோடு நின்றாலோ, அறைக்கு வெளியிலேயே காட்சி முடிந்தாலோ ‘க்ளோஸ்டு டோர்’. ‘க்ளீன்’, ‘ஸ்வீட்’, ‘டிரெடிஷனல் ரீஜென்சி’ என்ற சொற்களும் பெரும்பாலும் மூடிய கதவையே குறிக்கும். மூன்றுக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. ‘க்ளீன்’ என்றால் சில சமயம் சமயச் சாயலும் சேர்ந்து வரும். ‘டிரெடிஷனல்’ என்றால் சிக்னெட், ஜீப்ரா போன்ற பதிப்பகங்கள் 2000களின் நடுப்பகுதி வரை மாதந்தோறும் வெளியிட்ட மெல்லிய நாவல்களின் பாணி: சமூக நாகரிகம், பேச்சு, நகைச்சுவை.

அட்டையை நம்பாதீர்கள். முன்பெல்லாம் கட்டித் தழுவும் ஜோடி அட்டையில் இருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். இப்போது கார்ட்டூன் பாணி ஓவிய அட்டைகள் வந்துவிட்டதால் அந்த அடையாளம் போய்விட்டது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பரிசளிக்க அட்டையை மட்டும் பார்த்து வாங்குவது சரியில்லை.

சரிபார்க்க இரண்டு இடங்கள் போதும். ‘ஆல் அபவுட் ரொமான்ஸ்’ தளத்தின் விமர்சனங்களில் புத்தகத்தின் தரத்துக்குத் தனி மதிப்பெண், நெருக்கக் காட்சிகளுக்குத் தனி அளவு: கிஸ்ஸஸ், சட்டில், வார்ம், ஹாட், பர்னிங். முதல் இரண்டும் அடக்கமானவை. ‘ரொமான்ஸ் டாட் ஐஓ’ தளத்தில் ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவை வாசகர்களே குறிக்கிறார்கள்.

படி 3: எதற்காகப் படிக்கிறீர்கள்?

நீங்கள் கடைசியாக ரசித்துப் படித்த எந்தக் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள்; ரீஜென்சியாக இருக்க வேண்டியதில்லை. அதில் எந்தப் பகுதியைத் திரும்பப் படித்தீர்கள்? சொற்போரையா, வலியையா, ஊரும் காலமும் விரியும் வர்ணனையையா?

சொற்போர் என்றால் ஜார்ஜெட் ஹெயர். இந்த நாவல் வகையே அவரிடமிருந்துதான் கிளைத்தது. 1935இல் ‘ரீஜென்சி பக்’ வந்தது. ஆனால் அதில் தொடங்க வேண்டாம். ‘ஃப்ரெடெரிக்கா’ (1965) நல்ல வாசல்: தம்பி தங்கைகளைச் சுமக்கும் அக்கா, எதிலும் ஈடுபாடில்லாத ஒரு மார்க்வெஸ். ஹெயரிடம் கதவு முழுக்க மூடியிருக்கும். அக்காலக் கொச்சை நிறைய வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் நகைச்சுவை செத்துவிடும். அப்படியே கடந்து போங்கள், சில அத்தியாயங்களில் காது பழகிவிடும். முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பலர் முதலில் பரிந்துரைக்கும் ‘தி கிராண்ட் சோஃபி’யில் (1950) யூத வட்டிக்காரரைச் சித்தரித்த விதம் வெறுப்பு நிறைந்தது.

அதே கலகலப்பு எளிய ஆங்கிலத்தில், திறந்த கதவோடு வேண்டுமென்றால் ‘பிரிட்ஜர்ட்டன்’ நாவல்களை எழுதிய ஜூலியா குவின். இன்னும் குறும்பு வேண்டும், வரலாற்றுத் துல்லியம் முக்கியமில்லை என்றால் டெஸ்ஸா டேர்.

வலியும் ஆறுதலும் தேடுபவர்களுக்கு மேரி பேலோ. அவருடைய ‘சர்வைவர்ஸ் கிளப்’ வரிசை, நெப்போலியன் போர்களால் உடலோ மனமோ சிதைந்த ஏழு பேரின் கதை. ஆளுக்கொரு புத்தகம், ‘தி புரபோசல்’ (2012) முதலாவது. வேகம் குறைவு, பேச்சு மென்மை. பிரபுக்களே வேண்டாம், சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் கடற்படை மருத்துவரும் ஏழை விதவையும் போதும் என்பவர்கள் கார்லா கெல்லியைத் தேடலாம். இரண்டு பெண்களுக்கு இடையேயான காதல் என்றால், வானியலைப் பின்னணியாகக் கொண்ட ஒலிவியா வெயிட்டின் நாவல் (2019) 1816இல் நடக்கிறது. மூடிய கதவு, இளகிய காதல் என்றால் ஜூலியான் டொனால்ட்சனின் ‘ஈடன்ப்ரூக்’ (2012).

ஜேன் ஆஸ்டினை இந்தப் பட்டியலில் வைக்கவில்லை. அவர் தன் சமகாலத்தை எழுதினார். அவருடைய வாசகர்களுக்குத் தெரிந்த எதையும் விளக்கவில்லை. கவுனின் மடிப்பையும் நடன அரங்கின் விளக்குகளையும் எதிர்பார்த்து அவரிடம் போனால் ஏமாற்றமாக இருக்கும். மனிதர்களை எடைபோடும் கண் வேண்டுமென்றால் அவரைத்தான் படிக்க வேண்டும்.

படி 4: தேடுசொற்களைச் சேர்த்துத் தேடுங்கள்

‘பெஸ்ட் ரீஜென்சி’ என்று மட்டும் தேடினால் அதே பத்துப் பெயர்கள்தான் வரும். காலம், கதவு, கதைக்கரு மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே வரியில் தட்டச்சுங்கள். கதைக்கருவுக்கு ‘எனிமீஸ் டு லவ்வர்ஸ்’ (மோதலில் தொடங்குவது), ‘செகண்ட் சான்ஸ்’ (பிரிந்தவர் மீண்டும் சேர்வது), ‘மேரேஜ் ஆஃப் கன்வீனியன்ஸ்’ (தேவைக்காகத் திருமணம்) போன்ற சொற்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு மலரும் காதலைத் தமிழ்க் குடும்ப நாவல்களில் ரசித்தவர்களுக்கு இந்தக் கடைசி வகை நேராகப் பொருந்தும்.

கிடைக்கும் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள். இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள்தான் காரணம் எழுதுகிறார்கள். ‘ஒன்றுமே நடக்கவில்லை, வெறும் பேச்சு’ என்று ஒருவர் குறைபட்டிருந்தால், பேச்சை ரசிப்பவருக்கு அதுவே பரிந்துரை.

படி 5: மாதிரிப் பக்கங்களைப் படியுங்கள்

கிண்டிலில் பெரும்பாலும் முதல் பத்து சதவீதம் அளவுக்கு இலவச மாதிரி கிடைக்கும். அதில் இரண்டைக் கவனியுங்கள். நாயகனும் நாயகியும் பேசும் முதல் உரையாடல் உங்களைச் சிரிக்கவோ பதறவோ வைக்கிறதா? பட்டங்களில் தலை சுற்றுகிறதா?

முதலாவது இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது சரியாகிவிடும். வரிசை இதுதான்: ட்யூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன். ஒரே ஆளுக்குக் குடும்பப் பெயர் ஒன்று, பட்டப் பெயர் ஒன்று. ‘பிரிட்ஜர்ட்டன்’ முதல் கதையின் நாயகன், ஹேஸ்டிங்ஸ் ட்யூக்கான சைமன் பாஸெட்டை நண்பர்கள் ‘ஹேஸ்டிங்ஸ்’ என்று அழைப்பது அதனால்தான். ‘லேடி’க்குப் பின் பெண்ணின் சொந்தப் பெயர் வந்தால் பெரும்பாலும் ஏர்ல் அல்லது அதற்கு மேற்பட்டவரின் மகள், பட்டப் பெயர் வந்தால் மனைவி.

திரையிலிருந்து வருபவர்களுக்கு

‘பிரிட்ஜர்ட்டன்’ நாவல்கள் எட்டு. பிரிட்ஜர்ட்டன் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, எதிலிருந்தும் தொடங்கலாம். 2022இல் வந்த இரண்டாம் பருவத்தில் அப்பாவை ‘அப்பா’ என்றே சொல்லும் கேட் ஷர்மாவுக்காக, தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த சிமோன் ஆஷ்லியின் நடிப்புக்காக, நாவலை வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாவலில் அவள் கேட் ஷெஃபீல்ட் என்ற ஆங்கிலேயப் பெண். இந்தியத் தொடர்பு தொடருக்காகச் சேர்க்கப்பட்டது. முதல் நாவலான ‘தி ட்யூக் அண்ட் ஐ’யில் (2000) குடிபோதையில் இருக்கும் கணவனின் சம்மதமில்லாமல் மனைவி நடந்துகொள்ளும் காட்சி உண்டு. அது உறுத்தும் என்றால் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.

ஓர் எழுத்தாளர் பிடித்துவிட்டால்

அவருடைய அடுத்த புத்தகத்தை வாங்கும் முன் காப்புரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். மேரி பேலோ 1985 முதல் எழுதிவருகிறார். அவருடைய பழைய நாவல்கள் புதிய அட்டையோடு மறுபதிப்பாக வருகின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய காதல் நாவல்களில் நாயகனின் முரட்டுத்தனத்தைக் காதலாகக் காட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. அட்டை புதிதாக இருப்பதால் உள்ளடக்கமும் இன்றையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் பதிப்பு 2000க்கு முந்தையது என்றால், எழுத்தாளர் எவ்வளவு பிடித்தவராக இருந்தாலும் படி 2க்குத் திரும்பி மறுபடி சரிபாருங்கள்.