சி23-க்கு ஏற்ப பழைய லைப்ரரி ஹெடர்களைத் திருத்துவது எப்படி?

2025 ஏப்ரலில் வெளிவந்த ஜிசிசி 15 என்ற சி கம்பைலர், சி மொழியின் தரநிலை எதையும் நாம் குறிப்பிடாவிட்டால், முன்பிருந்த குனு17-க்குப் பதிலாக குனு23-ஐ (சி23 தரநிலையும் ஜிசிசியின் கூடுதல் வசதிகளும் சேர்ந்தது) எடுத்துக்கொள்கிறது. சி23-இல் ட்ரூ, ஃபால்ஸ் ஆகியவையும் அவற்றுக்குரிய 'பூல்' என்ற வகைப்பெயரும் கீவேர்டுகளாகிவிட்டதால், அப்பெயர்களை டைப்டெஃப் (ஒரு வகைக்கு வேறு பெயர் சூட்டும் அறிவிப்பு) எழுதித் தாமே அறிவித்துக்கொண்ட பழைய ஹெடர்கள் கம்பைல் ஆவதில்லை. மேக்ஃபைலில் குனு17 என்று எழுதிவிட்டால் நம் பில்டு ஓடும். ஆனால் ஹெடர் பிறருடைய நிரலுக்குள்ளும் போகிறது, அங்கே எந்தத் தரநிலை என்பதை முடிவு செய்பவர்கள் நாம் அல்லர்.

பலர் செய்வது, தரநிலை சி23-க்கு முந்தையதாக இருந்தால் மட்டும் அந்த டைப்டெஃப் தெரியுமாறு ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது. பிழைச் செய்தி மறைந்துவிடும் என்பதாலேயே இது ஆபத்தானது. நானும் ஒருமுறை இதில் ஏமாந்திருக்கிறேன். பழைய வகை இன்ட்டாக இருந்தால் அதன் அளவு பெரும்பாலான கணினிகளில் 4 பைட், புதியது 1 பைட். இவ்வகையில் இரண்டு கொடிகள் (ஆம்/இல்லை மதிப்புகள்) கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட், பழைய முறையில் கம்பைலான லைப்ரரிக்கு 8 பைட்டாகவும், சி23-இல் கம்பைலாகும் பயனர் நிரலுக்கு 2 பைட்டாகவும் இருக்கும். லைப்ரரி இரண்டிலும் 1 எழுதினாலும், எக்ஸ்86 போன்ற லிட்டில் எண்டியன் (எண்ணின் கடைசிப் பைட்டை முதலில் வைக்கும்) கணினியில் பயனர் நிரல் இரண்டாம் கொடியை முதல் இன்ட்டின் இரண்டாம் பைட்டில் தேடி, எப்போதும் 0 என்றே படிக்கும். அந்த ஸ்ட்ரக்டுக்குப் பயனர் நிரலே இடம் ஒதுக்கியிருந்தால், லைப்ரரி பக்கத்து நினைவகத்தையும் அழித்துவிடும்.

ஆகவே பெயரை மாற்றுங்கள், அளவைத் தொடாதீர்கள். லைப்ரரியின் முன்னொட்டுடன் ஒரு வகைப்பெயரை இன்ட்டாகவே அறிவித்து, ஹெடர் முழுவதும் அதையே பயன்படுத்துங்கள். எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் சி லைப்ரரியான எக்ஸ்லிப் இவ்வழியில்தான் சென்றது: விஷுவல் ஸ்ட்ரக்டில் உள்ள 'கிளாஸ்' என்ற உறுப்பு சி++-இன் கீவேர்டோடு மோதியதால், சி++-க்கு மட்டும் அதற்கு 'சி_கிளாஸ்' என்று பெயரிட்டார்கள், வகையும் இடமும் மாறவில்லை.

வெற்று அடைப்புக்குறியுடன் அறிவிக்கப்பட்ட கால்பேக்குகளையும் (லைப்ரரி பின்னர் அழைப்பதற்காகப் பயனர் தரும் ஃபங்ஷன்கள்) தேடிப் பாருங்கள். சி23-இல் அதற்கு அளவுருக்களே இல்லை என்று பொருள் என்பதால், அளவுருக்களின் வகைகளை முழுமையாக எழுதியாக வேண்டும்.

கடைசியாக, ஹெடரை மட்டும் சேர்க்கும் ஒரு சிறு சோதனைக் கோப்பில், ஸ்டாட்டிக் அசர்ட் (கம்பைல் ஆகும்போதே நிபந்தனையைச் சரிபார்ப்பது) கொண்டு ஸ்ட்ரக்டின் அளவு 8 பைட் என்றும் அதன் தொடக்கத்திலிருந்து இரண்டாம் கொடியின் தொலைவு 4 பைட் என்றும் உறுதிசெய்து, குனு11, குனு17, குனு23, சி++ என ஒவ்வொன்றிலும் கம்பைல் செய்து பாருங்கள்.